என் கையெழுத்தில் ஒரு பொய்

தேநீர் இடைவேளைக்குச் சங்கு ஊத இன்னும் சற்று நேரம் இருந்தது. முதலுதவி அறையின் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு லைன் சூப்பர்வைசர் உள்ளே வந்தார். அவர் தோளைப் பிடித்தபடி சுகந்தி. நடந்துதான் வந்தாள். வலது கையில் மெஷின் துடைக்கிற நீலத் துணியைச் சுற்றியிருந்தார்கள். துணியில் நீலம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"அக்கா, என் கை இருக்கா? பாத்துச் சொல்லுங்க. நான் பாக்க மாட்டேன்."

துணியைப் பிரித்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

"இருக்குட்டீ. கை இருக்கு" என்றேன்.

அன்றைக்கு நான் அவளிடம் சொன்ன கடைசி உண்மை அதுதான்.

கையை உயர்த்திப் பிடித்து, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினேன். வருடக்கணக்காக நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு மனசு பதறினாலும் கை பதறாது. தரையில் சொட்டியதை ஆயா கன்னியம்மா துடைத்துக்கொண்டே வந்தாள். அறை முழுக்க டிஞ்சர் வாசனை. அதற்குள் சுகந்தியின் சட்டையிலிருந்து மெஷின் எண்ணெய் வாசனை. வெளியே ஆம்புலன்ஸ் பின்னால் நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பும் சீட்டையும் விபத்துப் பதிவேட்டையும் எழுதப் பேனாவைத் திறந்தேன். சூப்பர்வைசர் தன் செல்போனை என் காதருகே நீட்டினார்.

"சிஸ்டர், அண்ணன் பேசறாரு."

இந்தத் தொடரில் இதுவரை பிறர் எனக்குச் செய்த நல்லதையும், நான் பிறருக்குச் செய்த ஒன்றிரண்டு நல்லதையும் எழுதிவிட்டேன். இந்த வாரம் எழுதுவது நான் ஒருத்திக்குச் செய்த கெடுதல். மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

பூட்டும் கல்லும்

போனில் இருந்தவர் யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. தணிகாசலம் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. ஒரகடம் பக்கம் எங்களுக்கு அவர் பெயர் தேவைப்பட்டதே இல்லை. அண்ணன் என்றால் அவர் ஒருவர்தான்.

நானும் என் வீட்டுக்காரர் செல்லத்துரையும் திருச்செந்தூர் பக்கத்து ஆட்கள். கல்யாணம் ஆன கையோடு வேலை தேடி இங்கே வந்தோம். எங்களைப் போலத் தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள், விடுதியில் தங்கி லைனில் வேலை பார்க்கிற பெண் பிள்ளைகள், இந்த ஊர்க்காரர்கள் சிலர் என்று சேர்ந்து ஒரு சிறிய சபை உண்டானது. தகரக் கூரை போட்ட கட்டடம். மழை பெய்தால் ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார். யாருக்கும் கேட்காது.

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கட்டடத்தைக் கழுவிவிடலாம் என்று துடைப்பமும் வாளியுமாகப் போனோம். கேட்டில் ஒரு புதுப் பூட்டு தொங்கிற்று. நிலத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று ஒருவர் கிளம்பியிருந்தார். அவர் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். நாங்கள் எல்லாரும் வெளியூர். வாடகைக்குக் குடியிருப்பவர்கள். யாரிடம் போய் என்ன சொல்வது? ஆயர் ஞானதுரை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயதான மனிதர் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அழுதன.

யார் சொல்லி வந்தாரோ, வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக அண்ணன் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். ரோட்டோரம் கிடந்த ஒரு கருங்கல்லைத் தானே குனிந்து எடுத்தார். மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது.

"சாமி கும்புடற எடத்துக்குப் பூட்டு போடறவன் இன்னா மனுஷன்? நீங்க உள்ள போங்கம்மா. பாட்டு பாடுங்க. சத்தமா பாடுங்க. எவன் வர்றான்னு நான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நாங்கள் பாடிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை.

அந்த ஒரு நாளுக்காக அவரை நேசித்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஜெபத்தில் ஒரு பெயர்

அதன் பிறகு எதற்கும் அண்ணன்தான். ரேஷன் அட்டைக்கு அண்ணன். பள்ளிக்கூடத்தில் இடத்துக்கு அண்ணன். எங்கள் சபைப் பையன் ஒருவன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தபோது, உடலை ராமநாதபுரம் பக்கம் அனுப்ப வண்டி பிடித்துக் கொடுத்தது அண்ணன். வண்டி கிளம்பும்வரை வெயிலில் நின்றார்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் போனை எடுக்கிற ஆள். ஆண்டவரிடம் கேட்டோம், அண்ணனைக் கொடுத்தார் என்றுதான் நம்பினோம். கொஞ்ச நாளில் ஆண்டவரைத் தாண்டி நேரே அண்ணனிடமே கேட்க ஆரம்பித்தோம். எந்த நாளில் அது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

தேர்தல் வந்தது. ஆயர் மேடையிலேயே, "இவர் ஆண்டவர் நமக்கு அனுப்பின ஆள்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னோம். என் ஆமென் கொஞ்சம் அதிகச் சத்தமாக இருந்திருக்கும். அண்ணன் ஜெயிக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். என் சொந்த மகளின் பரீட்சைக்குக்கூட அப்படி இருந்ததில்லை. மகள் அதைச் சொல்லிக் காட்டினாள். "உனக்கு என்ன தெரியும்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

வீட்டு ஷோகேஸில் அண்ணனோடு நாங்கள் எடுத்துக்கொண்ட படம் இருந்தது. வேதப்புத்தகத்தை அதற்குப் பக்கத்தில் வைப்பேன். ஒருநாள் படத்துக்கு இடம் பற்றவில்லை என்று வேதப்புத்தகத்தைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன். மாற்றும்போது ஒன்றும் தோன்றவில்லை.

சபையில் எமிலி என்று எனக்குத் தங்கை மாதிரி ஒருத்தி இருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒருநாள், "அக்கா, இவரு நம்ம பிள்ளைகளை எல்லாம் கான்ட்ராக்ட்லயே வச்சிருக்காரே, ஒருத்தரையாவது பெர்மனன்ட் ஆக்குனாரா?" என்று கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். அவளோடு ஒன்றரை வருடம் நான் பேசவில்லை. பக்கத்துப் பாயில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவோம். பேச்சு கிடையாது.

எமிலி கேட்டது சரியான கேள்வி. சுற்று வட்டாரத்துக் கம்பெனிகள் பலவற்றுக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்புவது அண்ணனுடைய ஆபீஸ். ஆட்களை ஏற்றி வரும் பஸ்களும் அவருடையவை. அதில் ஒரு பஸ்ஸை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். சுகந்தி வேலைக்கு வந்ததும் அந்த ஆபீஸ் வழியாகத்தான். அவளைச் சேர்த்துவிட்டதே நான். உடன்குடி பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவளை அண்ணன் ஆபீஸுக்குக் கூட்டிப்போய், "நம்ம சபைப் பிள்ளை அண்ணே" என்றேன். அன்றே வேலை கிடைத்தது.

பேனாவை எடுத்த நேரம்

இனி அந்தப் போனுக்கு வருகிறேன்.

கார் கதவுக்கு உள்ளே வரும் தகடுகளை அழுத்துகிற பிரஸ் மெஷின் அது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி லைனை நிறுத்துகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள். சிக்கிய தகட்டை எடுக்க சுகந்தி கையை விட்டாள். மெஷின் நிற்கவில்லை.

"ரூபிம்மா" என்றார் அண்ணன். குரலில் அவசரம் இல்லை. "பொண்ணு உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல அண்ணே. ரெண்டு விரல் போச்சு."

"அடப் பாவமே." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், எனக்குத் தெரியும். "இன்னா பண்றது. கேளும்மா. அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரங்க செக்கிங் வராங்க. மெஷின்ல அடிபட்டதுன்னு எழுதினா கான்ட்ராக்டு பூடும். நம்ம பசங்க அத்தனை பேரும் ரோட்டுக்கு வந்துருவாங்க. ஆஸ்டல் கேட்டுல கை மாட்டிக்கிச்சுன்னு எழுதிடுங்க. அந்தப் பொண்ணை என் பொண்ணு மாதிரி நான் பாத்துக்கறேன். ஆபீஸ்ல குந்திக்கினு பாக்கற வேலையா போட்டுத் தரேன்."

"அண்ணே…"

"நான் உங்களுக்கு இன்னா பண்ணலைன்னு சொல்லுங்க."

அவர் செய்யாதது ஒன்றுமே என் நினைவுக்கு வரவில்லை. கருங்கல்லைக் குனிந்து எடுத்த அந்தக் கைதான் கண்ணில் வந்தது.

எழுதினேன். 'விடுதியின் இரும்புக் கேட்டில் சிக்கி வலது கையின் இரு விரல்கள் நசுங்கின.' தேதி, நேரம், கீழே என் கையெழுத்து. சீட்டிலும் அதையே எழுதினேன். சுகந்தி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். சீட்டை ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுத்தேன்.

வண்டி போனதும் கன்னியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பென்னலூர்க்காரி. இந்தத் தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அவள் குடும்பம் இங்கே நெல் விதைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போனில் அண்ணன் சொன்னது பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டிருந்தது.

"இன்னா சிஸ்டர், ஆஸ்டல்ல வுழுந்த ரத்தத்தையா நான் இங்க தொடச்சிக்கினு கீறேன்?"

"உனக்குப் புரியாது கன்னியம்மா."

"எனக்குப் புரியாட்டி போவுது. நீங்க தெனம் மத்தியானம் கண்ண மூடிக்கினு ஒருத்தரோட பேசறீங்களே, அவருக்குப் புரியுமா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபிப்பதைத்தான் சொன்னாள். அன்றைக்கு மதியம் நான் ஜெபிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

இடது கைப் பெருவிரல்

ஆஸ்பத்திரியில் சுகந்தியிடம் நானே போய்ச் சொன்னேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே, அண்ணன் பார்த்துக்கொள்வார், கேட்டில் அடிபட்டதாக இருக்கட்டும், எல்லாருக்கும் நல்லது என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"நீங்க சொன்னா சரிதான் அக்கா."

அண்ணன் ஆபீஸிலிருந்து வந்த பையன், கேட்டில் அடிபட்டதாக எழுதிய ஒரு தாளை நீட்டினான். கையெழுத்துப் போடும் கையில் கட்டு. இடது கைப் பெருவிரலில் மையைத் தடவி நான்தான் அழுத்தினேன். பி.காம். படித்த பெண். தன் ரேகையைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலில் அண்ணன் ஜெயித்தார். சபையில் கேக் வெட்டினோம்.

நாலைந்து மாதம் போயிருக்கும். காயம் ஆறி, ஆபீஸ் வேலை கேட்டு சுகந்தி நடையாக நடந்தாள். முதலில் அண்ணன் ஊரில் இல்லை என்றார்கள். பிறகு பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். விபத்து விடுதியில் நடந்ததால் நிர்வாகத்துக்கோ ஒப்பந்ததாரருக்கோ எந்தப் பொறுப்பும் இல்லை, கை பயன்பாடு குறைந்ததால் வேலையும் தர இயலாது என்று அதில் இருந்தது.

அதை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். முதலுதவி அறையின் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

"இதுல இருக்கிறதைப் படிச்சுக் காட்டுங்க சிஸ்டர். நீங்க எழுதுனதுதான."

அதுவரை ஒருநாள்கூட அவள் என்னைச் சிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை.

அண்ணன் வீட்டில்

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம். வேட்டிக் கரையில் கட்சி நிறம், கையில் மனு, காலடியில் செருப்புக் குவியல். என்னைப் பார்த்ததும் முன்னால் கூப்பிட்டார். அதுதான் அவர் குணம். பழகினவர்களை மறக்க மாட்டார்.

"வாங்க ரூபிம்மா, குந்துங்க. வூட்டுக்காரருக்கு பி.பி. எப்படி கீது? காபி குட்ச்சிட்டுப் பேசலாம்."

காபி வந்தது. சுகந்திக்கு வந்த கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"ஆபீஸ்ல பசங்க அவசரப்பட்டுட்டானுங்க. ஆனா இப்ப நான் இதுல கைய வெச்சா, ஏன் வெச்சான்னு கேப்பானுங்க. எதிர்க்கட்சிக்காரன் சும்மா கீறானா?"

"அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தீங்க அண்ணே."

"குடுத்தேன். இல்லைன்னு சொல்லல." குரல் இறங்கியது. "ரூபிம்மா, தப்பா நெனைக்காதீங்க. ரிஜிஸ்டர்ல இருக்கறது உங்க கையெழுத்து. நோண்டினா மொதல்ல மாட்டறது நீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். காபி டம்ளர் கையில் சுட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் எப்போதும் அரசியல்வாதியாகத்தான் இருந்தார். உதவி செய்கிற நல்ல அரசியல்வாதி. அவரைக் கர்த்தர் இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது நான். உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்துக்கு உரிய நீதியை அவரிடம் எதிர்பார்த்தால் அவர் எங்கே போவார்?

மீன் குழம்பு ஆறிப்போன ஞாயிறு

சுகந்தி தொழிலாளர் நல அதிகாரியிடம் மனுக் கொடுத்தாள். எமிலி கூடப் போயிருக்கிறாள். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டுக் கடிதம் வந்தது.

அந்த ஞாயிறு மதியம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாளைக் குழம்பு வைத்திருந்தேன். அவர் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனது பொய்யின்னு சொல்லப் போறேன்."

"உன் வேலை போயிரும்."

"ஆமா."

"என் பஸ்ஸும் போயிரும்."

"ஆமா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையைத் தினமும் என் பஸ்லதான் ஏத்திட்டுப் போனேன். மூணாவது சீட்டு. இப்ப அதுல வேற பிள்ளை இருக்கா. கண்ணாடியில பாக்கும்போது வண்டி ஓட்ட முடியல" என்றார். "சொல்லிரு. ஸ்டியரிங் பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஏதாவது ஒரு வண்டி இருக்கும்."

சாயங்காலம் ஆயர் வந்தார். விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சபையை நெனைச்சுப் பாருங்கம்மா. மறுபடியும் பூட்டுப் போட்டா யாரு வருவா? எனக்கு வயசாயிட்டு. இன்னொரு தடவை அந்தக் கேட்டைப் பிடிச்சுட்டு நிக்க என்னால முடியாது."

அவர் கோழை இல்லை. கல்யாண வயதில் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, மழைக்கு ஒழுகுகிற கூரையின் கீழே இருபது வருடம் எங்களைக் கட்டிக் காத்தவர். அவர் பயம் எனக்குப் புரிந்தது. என் பயமும் அதேதான்.

"பூட்டுப் போட்டா ரோட்டுல நின்னு ஜெபிப்போம் ஐயா. நான் பொய்ச்சாட்சி எழுதிட்டு அந்தக் கூரைக்குக் கீழ நின்னேன்லா. இத்தனை நாளும் நான் உள்ளயா இருந்தேன்?"

ஜெபித்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு ஜெபிக்காமல் போனார்.

"எந்த அண்ணன்?"

விசாரணை அறையில் ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. கம்பெனியின் சார்பில் ஒருவர், ஒப்பந்த ஆபீஸின் வக்கீல் ஒருவர், சுவரோரம் சுகந்தி. அதிகாரி ஒரு பெண்மணி. பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் மேடம். எழுதியிருக்கிறது பொய்."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

நடந்தது முழுவதையும் சொன்னேன். அணைத்து வைத்த சென்சார், நீலத் துணி, போன். கன்னியம்மாவும் வந்து சொல்வாள் என்றேன். பிறகு அவளும் வந்து சொன்னாள். வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் வந்தாள்.

"யார் சொல்லி இப்படி எழுதினீங்க?"

"அண்ணன்."

"எந்த அண்ணன்? பேர் சொல்லுங்க."

இத்தனை வருடத்தில் அவர் பெயரை என் வாயால் சொன்னதே இல்லை. ஜெபத்தில்கூட 'எங்கள் அண்ணன்' என்றுதான் சொல்வேன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னேன். சொன்னதும் அவர் ஒரு மனிதராகிவிட்டார். அப்பா பெயர், இனிஷியல், விலாசம் எல்லாம் உள்ள ஒரு சாதாரண மனிதர். எனக்கு அழுகை வந்தது. பயத்தால் வந்ததில்லை. ஒருவரை இழந்த மாதிரி இருந்தது.

சுகந்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு

இரண்டே வாரத்தில் எனக்கு வேலை போனது. பொய்யாகப் பதிவு எழுதியதற்காக. காரணம் சரிதான், நான் சண்டை போடவில்லை. வீட்டுக்காரரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். குன்றத்தூருக்கு வீடு மாறினோம். அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நான் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடப் போனேன். கிருத்திகை நாட்களில் முருகன் மலைக்கு நடந்து வருகிறவர்களுக்குக் கால் கொப்புளத்துக்கு மருந்து கட்டுவேன். அது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது.

அடிபட்டது வேலையில்தான் என்று தீர்ப்பு சுகந்திக்குச் சாதகமாக வந்தது. கொஞ்ச காலம் ஆனது, ஆனாலும் வந்தது. இழப்பீட்டோடு, உட்கார்ந்து பார்க்கிற பரிசோதனை வேலையையும் கம்பெனியே கொடுத்தது. அந்த லைனில் இப்போது சென்சாரை யாரும் அணைப்பதில்லை என்று கன்னியம்மா போனில் சொன்னாள். அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. "உள்ளூர்க்காரிய அனுப்பினா ஊரே வந்து கேட்ல குந்திக்கும்னு தெரியும் சிஸ்டர்" என்று சிரித்தாள்.

நாங்கள் பயந்த மாதிரி சபைக் கேட்டில் மறுபடி பூட்டு தொங்கவே இல்லை.

அண்ணனை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். கை கழுவுகிற இடத்தில் நேருக்கு நேர்.

"என் பேரைச் சொல்லிட்டீங்களே ரூபிம்மா" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது.

"உங்களுக்காக இன்னும் ஜெபம் பண்ணுறேன் அண்ணே."

"இன்னான்னு?"

"முன்ன நீங்க ஜெயிக்கணும்னு பண்ணுனேன். இப்ப, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு நீங்க ஒரு வார்த்தை பேசணும்னு பண்ணுறேன்."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்குத் தெரிந்தவரை இன்னும் அவர் அவளோடு பேசவில்லை. நானும் ஜெபத்தை விடவில்லை.

சபையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

விசாரணை முடிந்த அடுத்த ஞாயிறே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று என் தப்பைச் சொன்னேன். ஆயர் என்னைத் தடுக்கவில்லை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். எமிலி மட்டும் பாயை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். ஆராதனை முடிந்ததும் சுகந்தியிடம் போய், என்னை மன்னிச்சிரு என்றேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா பொய்யாயிரும்" என்றாள். "இப்ப முடியாது."

அவள் சொன்னது நியாயம். அதன் பிறகு நான் கேட்கவில்லை. குன்றத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் பிடித்து அதே சபைக்கு வந்துகொண்டிருந்தோம். அவள் முன்வரிசையில் மற்றப் பெண்களோடு உட்காருவாள். நான் பின்னால்.

எங்கள் திருவிருந்து ஆராதனையில் ஒரு கட்டம் உண்டு. ஆயர் முன்னால் நிற்பவரின் கைகளைத் தன் கைகளால் பற்றிச் சமாதானம் சொல்வார். அவர் அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு. அப்படியே கடைசி ஆள்வரை கை மாறிப் போகும். விபத்துக்குப் பிறகு சுகந்தி இடது கையை மட்டும்தான் நீட்டுவாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருக்கும்.

சுமார் இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு. மழைக்காலம். கூரையில் சத்தமான மழை. யார் என்ன சொல்கிறார்கள் என்று உதட்டைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். சுகந்தி ஆயரிடமிருந்து வாங்கினாள். பக்கத்துப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சுகந்தி அவளைத் தாண்டினாள். பாய்களுக்கு நடுவில் நடந்து பின்னால் வந்தாள்.

என் முன்னால் வந்து நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

நான் கட்டுப் போட்ட கை. ஆறின பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். தழும்பு வழுவழுப்பாக, மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தது.

"சமாதானம்" என்றாள்.

அவள் கையைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றேன். விட மனமில்லை. அவள் குனிந்து என் காதருகே வந்தாள்.

"கோவம் இன்னும் கொஞ்சம் கெடக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க அடுத்தவங்களுக்குக் குடுங்க, எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்கள்லா."